நகரசபை மண்டப ஓவியங்களில் அதிகாரத்தின் அடையாளங்கள்: பார்க்கத் தொடங்குவோருக்கு

மன்னரை வரைந்த ஓவியத்தில் அதிகாரம் எங்கே என்று தேட வேண்டியதில்லை. கிரீடம் இருக்கும், சிம்மாசனம் இருக்கும், முகம் நடுவில் இருக்கும். நகரசபைக் கூடம், நாடாளுமன்றம், ஒப்பந்தம் நிறைவேறிய மன்ற அறை என்று வரும்போதுதான் புதியவர்கள் திணறுகிறார்கள். 17ஆம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாமை ஆண்டவர்கள் நான்கு மேயர்கள். அவர்களுக்குப் பின்னால் 36 பேர் கொண்ட ஒரு மன்றம். எல்லோருக்கும் கறுப்பு உடைதான். மேயர் பதவிக்கு ஆண்டுதோறும் தேர்வு நடக்கும். இன்று ஆளுபவர் நாளை வெறும் வணிகர். இப்படிப்பட்டவர்களின் அதிகாரத்தை முகத்தில் ஏற்றி வரைய முடியாது. ஆகவே ஓவியர்கள் அதை அறையில் ஏற்றினார்கள்: கூரையின் உயரத்தில், கணப்புக்கு (குளிர்காயச் சுவரில் கட்டிய அடுப்புக்கு) மேலுள்ள படத்தில், மேசைவிரிப்பில், திரைச்சீலையில், தரைக் கட்டங்களில்.

இவற்றைப் படிக்க ஒரு கேள்வி போதும். இந்த அடையாளம் யாரைப் பார்த்துப் பேசுகிறது? ஆளப்படுபவரையா, எதிராளியையா, ஆளுபவரையேவா? ‘சிங்கம் என்றால் வீரம், தராசு என்றால் நீதி’ என்ற பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போனால் பாதி ஓவியங்களில் ஏமாந்து வருவீர்கள். மேயர் அறைக்குள் தராசு இருந்தால் அது மேயருக்கு விடப்படும் எச்சரிக்கை. அதே தராசு வெளிவாசலில் இருந்தால் ஊராருக்குக் காட்டும் மிரட்டல்.

என்ன தேவை

அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்திலிருந்து எடுத்த பெரிய அளவுப் படம். அதை ஏ3 தாளில், முடியாவிட்டால் ஏ4 தாளில், அச்செடுத்துக்கொள்ளுங்கள். 30 செமீ அளவுகோல், கூரான பென்சில், மேலே வைத்து வரைய ஒரு டிரேசிங் தாள். ஓர் ஓவியத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தேடுபொறியில் முதலில் வரும் படத்தை எடுக்காதீர்கள். பல படங்கள் ஓரம் வெட்டப்பட்டவை. இவ்வகை ஓவியங்களில் ஓரம்தான் முக்கியம். திரைச்சீலை, கதவு, உள்ளே எட்டிப்பார்ப்பவர், சில சமயம் ஓவியரே நிற்பது என எல்லாம் அங்கேதான் இருக்கும். தளத்தில் தந்துள்ள உயர அகல விகிதத்தையும் உங்கள் அச்சுப்பிரதியின் விகிதத்தையும் ஒப்பிட்டால் வெட்டு தெரிந்துவிடும்.

பழகுவதற்கு ஏற்ற ஓவியம் பீட்டர் டி ஹோக் வரைந்த ஆம்ஸ்டர்டாம் நகரசபை மாளிகையின் மேயர்கள் அறை. 1663க்கும் 1665க்கும் இடைப்பட்டது, உயரம் 112.5 செமீ, அகலம் 99 செமீ. மாட்ரிட் நகரில் தைஸ்ஸன்-போர்னமிஸா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிக்கல் அதிகமில்லாத படம். அந்த அறை இன்றும் இருக்கிறது என்பது கூடுதல் வசதி.

முதல் படி: அறை எது, ஆண்டு எது

அறையை அடையாளம் காணாமல் ஒரு சின்னத்தையும் தொடாதீர்கள். டி ஹோக்கின் ஓவியத்தில் இதற்கான சாவி கணப்புக்கு மேல் தொங்குகிறது. அது ஃபெர்டினாண்ட் பொல் 1656இல் வரைந்த ஓவியம். மேயர்கள் அறைக்கென்றே செய்தது. அதனால் இடமும் உறுதியாகிறது, டி ஹோக்கின் ஓவியம் 1656க்கு முந்தையதாக இருக்க முடியாது என்பதும் உறுதியாகிறது. சுவரில் தொங்கும் படம், சரவிளக்கு, கொடி என்று காலம் தெரிந்த ஏதாவது ஒரு பொருள் இப்படி ஆண்டைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, அந்தக் கட்டடத்தின் மொழியைத் தெரிந்துகொள்ளுங்கள். யாக்கோப் வான் காம்பன் வடிவமைத்த இந்த மாளிகையின் வேலை 1648இல் தொடங்கியது. 1655இல் திறப்பு விழா. சேற்று நிலத்தில் 13,659 மரத்தூண்களை அடித்து இறக்கி அவற்றின் மேல் எழுப்பியது. உள்ளே ஆர்ட்டுஸ் குவெல்லினுஸின் சிற்பக்கூடம் செய்த பளிங்கு வேலைகள் அறைக்கு அறை வேறு பாடம் சொல்கின்றன. திவாலானவர்களின் வழக்கைக் கவனித்த அறையின் வாசலுக்கு மேல், சிறகு உருகி விழும் இகாருஸ். அதைச் சுற்றிக் காலிப் பெட்டிகளும் எலிகளும். அளவுக்கு மீறிப் பறந்தவன் கதி இது என்று அந்த வாசலில் நுழையும் கடன்காரனுக்குச் சொல்கிறது. நகரச் செயலர் அறைக்கு மேல் உதட்டில் விரல் வைத்த பெண். அவள் பேசுவது எழுத்தரிடம். ஒரே கட்டடம், ஒரே பளிங்கு, கேட்பவர் மட்டும் வேறு.

நடுக்கூடமான குடிமக்கள் மண்டபத்தின் தரையில் பூகோளத்தின் இரண்டு பாதிகளும் வானத்தின் வரைபடமும் பளிங்கில் பதிக்கப்பட்டிருக்கின்றன. உலகத்தை மிதித்துக்கொண்டே நடக்கலாம். இது வெறும் அலங்காரம் என்று யாராவது சொன்னால் ஓர் ஆண்டை நினைவில் வையுங்கள்: மாளிகை திறந்த மூன்றாம் ஆண்டில், 1658இல், இந்த வணிகர்களின் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்துக்கொண்டது.

இரண்டாம் படி: மறைபுள்ளியைக் கண்டுபிடிப்பது

தரைக் கட்டங்களில் நம்மை விட்டு உள்நோக்கிப் போகும் கோடுகளில் இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு எடுத்து டிரேசிங் தாளில் நீட்டுங்கள். பக்கச் சுவரின் மேல்விளிம்புக் கோடு ஒன்றையும் அதேபோல் நீட்டுங்கள். எல்லாம் சந்திக்கும் இடம் மறைபுள்ளி. அதன் வழியாகக் கிடைமட்டமாக ஒரு கோடு போட்டால் அது கண்மட்டம்.

ஏ4 தாளில் கோடுகள் 3 அல்லது 4 மிமீ வட்டத்துக்குள் சந்தித்தால் போதும். அதற்கு மேல் துல்லியம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரு செமீக்கு மேல் சிதறினால் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். சாய்வாகப் பிடித்த புகைப்படம். மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் வேறு வேறு கண்மட்டம் வைத்த ஓவியர். குறிப்பிட்ட ஓரிடத்தில் நின்று பார்க்கவே வரைந்த ஓவியம். மூன்றாவதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு இதே மாளிகையின் வெளித்தோற்றத்தை 1667இல் யான் வான் டெர் ஹைடன் வரைந்த படம். நேரெதிரே நின்று பார்த்தால் கோபுரம் கோணலாகத் தெரியும். சரியான இடத்தில் கண்ணை வைக்கச் சட்டத்தில் ஓர் உலோகக் கருவியே பொருத்தியிருந்தார். இன்று அது ஃப்ளோரன்ஸின் உஃபிஸியில் உள்ளது.

கண்மட்டம் கிடைத்ததும் நிற்பவர்களின் தலைகளைப் பாருங்கள். எல்லாத் தலைகளும் ஏறக்குறைய அந்தக் கோட்டிலேயே இருந்தால் நீங்களும் அதே தரையில் நிற்கிறீர்கள். ஓவியர் உங்களை அவைக்குள் சேர்த்துக்கொண்டார். கோடு தலைகளுக்கு மேலே ஓடினால் உங்களை மாடத்தில் ஏற்றி வேடிக்கை பார்க்க வைத்திருக்கிறார். தலைகளுக்குக் கீழே ஓடினால் நீங்கள் அண்ணாந்து பார்க்க வேண்டிய ஆள். மனு கொடுக்க வந்தவரின் பார்வை அது. எந்தச் சின்னத்தையும் பார்க்காமலேயே உங்களுக்கும் அந்த அவைக்கும் உள்ள உறவு இந்த ஒரே கோட்டில் தெரிந்துவிடுகிறது. புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் படி இதுதான்.

மூன்றாம் படி: ஆளை வைத்து அறையை அளப்பது

பின்சுவரை ஒட்டி நிற்கும் ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்து, அவர் உயரத்தை மிமீ கணக்கில் எடுங்கள். அதே சுவரில் தரையிலிருந்து கூரை வரை அளந்து வகுத்துவிடுங்கள். முன்னால் நிற்பவரை எடுத்துப் பின்சுவரோடு ஒப்பிடுவது வழக்கமாக நடக்கும் பிழை. அறை பாதியாகச் சுருங்கிவிடும். பின்னால் ஆளே இல்லையென்றால் முன்னால் நிற்பவரின் உச்சந்தலையிலிருந்தும் பாதத்திலிருந்தும் மறைபுள்ளிக்குக் கோடு போடுங்கள். பாதக்கோடு தரையும் பின்சுவரும் சேரும் விளிம்பைத் தொடும் இடத்தில், இரண்டு கோடுகளுக்கும் இடையேயுள்ள செங்குத்து உயரம்தான் அங்கே ஓர் ஆளின் உயரம்.

விடை இரண்டு, இரண்டரை என்று வந்தால் வசதியான வீட்டின் அறை. நான்கைத் தாண்டினால் அறை மனிதருக்காகக் கட்டப்பட்டதில்லை, பதவிக்காகக் கட்டப்பட்டது என்று கொள்ளலாம். ஆம்ஸ்டர்டாமின் குடிமக்கள் மண்டபம் 25 மீட்டருக்கும் மேல் உயரமுள்ளது. அதற்குள் ஆள் ஒரு புள்ளி. பிறகு கேளுங்கள்: சிறியவராகத் தெரிவது யார்? அரசவைப் படங்களில் வந்து வணங்குபவர் சிறுத்து, இருப்பவர் பெருத்து நிற்பார். நகரசபைப் படங்களில் ஆளுபவரும் சேர்ந்தே சிறுத்துவிடுகிறார். பெரியது நகரம், மேயர் அதில் ஓராண்டு வாடகைக்கு இருப்பவர்.

நான்காம் படி: படத்துக்குள் படம்

அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். மண்டபச் சுவரில் தொங்கும் ஓவியத்தை ஓவியர் தன் படத்தில் திரும்ப வரைந்திருந்தால், அந்த அறையின் சட்டத்தையே அவர் எடுத்துக்காட்டுகிறார் என்று பொருள்.

டி ஹோக்கின் படத்தில் தெரியும் பொல்லின் ஓவியம் ரோமானியத் தூதர் ஃபாப்ரிசியுஸின் கதை. கைதிகளை மீட்கப் பேச வந்தவரை, ரோமோடு போரிட்ட கிரேக்க மன்னன் பிர்ருஸ் முதலில் பொன் கொடுத்து வளைக்கப் பார்த்தான். முடியவில்லை. மறுநாள் திரைக்குப் பின்னால் ஒரு யானையை நிறுத்தி, பேச்சின் நடுவே திரையை விலக்கச் செய்தான். யானை தலைக்கு மேல் துதிக்கையை நீட்டிப் பிளிறியது. நேற்று உன் பொன்னும் இன்று உன் யானையும் என்னை அசைக்கவில்லை என்றாராம் தூதர். கோயில் வாசலில் யானையிடம் ஆசி வாங்கி வளர்ந்த நமக்கு இந்த அச்சம் சட்டென்று எட்டாது. இத்தாலிக்குப் போர்யானைகளை முதன்முதலில் கொண்டுவந்தவன் பிர்ருஸ். அந்தத் தூதர் அதுவரை யானையைப் பார்த்ததே இல்லை.

எதிர்க் கணப்புக்கு மேல் ஹோவார்ட் ஃப்ளிங்க் அதே 1656இல் வரைந்த இன்னொரு ரோமானியர்: தூதர்கள் கொண்டுவந்த பொன்னை மறுத்து, கிழங்கே போதும் என்று சொன்ன கூரியுஸ் டென்டாட்டுஸ். ஆக, மேயர்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கட்டளை: லஞ்சம் வாங்காதே, மிரட்டலுக்குப் பணியாதே. கவிஞர் வொன்டல் எழுதிய வரிகள் ஓவியத்துக்குக் கீழே வேறு. இவை ஊருக்குத் தங்கள் பெருமையைக் காட்ட வைத்தவை என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ஆனால் தொங்கவிட்ட இடம் மேயர்கள் உட்காரும் அறை. பொல்லின் ஓவியம் கிட்டத்தட்ட 5 மீட்டர் உயரம். அந்த யானையைத் தினமும் நிமிர்ந்து பார்த்தவர்கள் அவர்களே. ஊர்ப்பெருமையும் இதில் உண்டுதான், ஆனால் அது இரண்டாவது காரணம்.

இப்போது டி ஹோக் செய்ததைப் பாருங்கள். அறையில் மேயர்கள் இல்லை. சுற்றிப்பார்க்க வந்த சிலர் உலாவுகிறார்கள். ஆளுபவருக்கென்று எழுதிய எச்சரிக்கையை ஆளப்படுபவர்கள் நின்று படிக்கிறார்கள். படத்தின் மேற்பகுதியில் தூக்கிக் கட்டிய ஒரு பெரிய சிவப்புத் திரை. அக்கால டச்சு ஓவியங்களில் இப்படித் திரை வரைவது சகஜம். விலைமதிப்புள்ள ஓவியங்களுக்குத் திரை போட்டு வைக்கும் வழக்கத்திலிருந்து வந்தது. ஆனாலும் திரையை விலக்கி யானையைக் காட்டிய கதை உள்ளே தொங்கும்போது முன்னால் ஒரு திரை விலகியிருப்பதை வெறும் வழக்கம் என்று தள்ளிவிட மனம் வரவில்லை. நிரூபிக்க முடியாத வாசிப்பு இது. குறிப்பேட்டில் எழுதும்போது ‘ஊகம்’ என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: மேசை, கை, தொப்பி

இதற்கு வேறோர் ஓவியத்தை எடுங்கள். ஹெரார்ட் டெர் போர்க் 1648இல் வரைந்தது; ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரசபை அறையில் அவ்வாண்டு மே 15 அன்று ஸ்பெயினும் டச்சுக் குடியரசும் 80 ஆண்டுப் போரை முடித்துச் சத்தியம் செய்த காட்சி. செப்புத் தகட்டில் வரைந்தது, அகலம் 58.5 செமீ, உயரம் 45.4 செமீதான். அதற்குள் எழுபதுக்கும் மேற்பட்ட முகங்கள். இன்று லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது.

இங்கே சிம்மாசனம் இல்லை. மேசைதான் அரியணையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மேசைமேல் ஒப்பந்தத்தின் இரு பிரதிகள். ஒருவருக்கு ஒருவர் குறைந்தவரில்லை என்பதை அந்த இரண்டு என்ற எண்ணே சொல்லிவிடுகிறது. கைகளைத் தனியாக எண்ணுங்கள். டச்சுத் தூதர்கள் வலக்கையில் இரண்டு விரலை உயர்த்துகிறார்கள். ஸ்பெயின் தரப்பின் கை நற்செய்தி நூலின் மேலும் சிலுவையின் மேலும் இருக்கிறது. ஒரே சத்தியம், இரண்டு மதமுறை: டச்சுக்காரர் புராட்டஸ்டன்ட், ஸ்பானியர் கத்தோலிக்கர். எதிரிகள் சமமாகிவிட்டார்கள், ஆனால் ஒன்றாகிவிடவில்லை. மேலே தொங்கும் சரவிளக்கில் கன்னி மரியாளின் உருவம். இதைப் பார்த்ததும் கத்தோலிக்கத் தரப்பு வென்றது என்று எழுதிவிடாதீர்கள். விளக்கு அந்த அறைக்குச் சொந்தம், ஒப்பந்தத்துக்கு இல்லை. அறையோடு வந்த பொருள், விழாவுக்குக் கொண்டுவந்த பொருள், ஓவியர் சேர்த்த பொருள் என்று மூன்றாகப் பிரித்தால் இந்தக் குழப்பம் வராது.

இடது ஓரத்தில் நம்மை நேராகப் பார்ப்பவர் டெர் போர்க். ‘நான் இருந்தேன், பார்த்தேன்’ என்று சாட்சிக் கையெழுத்து போடுகிறார். ஓரம் வெட்டாத படம் வேண்டும் என்று முன்னால் சொன்னது இதற்காகத்தான்.

தொப்பியையும் விடாதீர்கள். யார் தலையில் இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பது அன்று கிரீடத்துக்கு அடுத்த கணக்கு. 1789 மே 5 அன்று குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற பிரெஞ்சு மூன்று பிரிவுகளின் பேரவையில் மன்னர் தொப்பி அணிந்ததும் பிரபுக்களும் அணிந்தார்கள். அது அவர்கள் உரிமை. பொதுமக்கள் பிரிவினர் பலரும் அணிந்துவிட்டார்கள். அது அத்துமீறல். பழைய லண்டன் மக்களவையில் உறுப்பினர்கள் உட்கார்ந்திருக்கும்போது தொப்பி அணியலாம், பேச எழுந்தால் கழற்ற வேண்டும். ஆகவே அந்த அவையின் ஓவியங்களில் வெறுந்தலையோடு நிற்பவர் பெரும்பாலும் பேசிக்கொண்டிருப்பவர்.

அதே அவையின் மேசைமேலுள்ள செங்கோல் தண்டும் அப்படித்தான். மேசைமேல் இருந்தால் அவை நடக்கிறது. மேசைக்குக் கீழே கொக்கியில் இருந்தால் அவை குழுவாக மாறியிருக்கிறது, சபாநாயகர் இருக்கையில் இல்லை. நேரான கோல் என்ற பொருள் செங்கோலுக்குள்ளேயே இருப்பதால் தமிழ் வாசகர் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார். ஆனால் நம் செங்கோல் அரசன் கைக்கு உரியது. இந்தத் தண்டை அங்கே எந்த உறுப்பினரும் கையில் வைத்திருப்பதில்லை.

இடம் வலம் தடுமாறுவது இன்னொரு வழக்கமான தவறு. ஆளுங்கட்சி சபாநாயகருக்கு வலப்பக்கம் அமரும். அவரை எதிரே பார்த்து வரைந்த ஓவியத்தில் அது உங்களுக்கு இடப்பக்கமாகிவிடும்.

ஆறாம் படி: ஜன்னலும் வாசலும்

ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது, எதில் விழுகிறது என்று ஒரு வரி குறித்தால் போதும். வாசலில் நிற்பவர்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அதிகாரத்தின் எல்லை வாசல்.

இதற்கு ஜாக் லூயி டாவித் 1791இல் பார்வைக்கு வைத்த டென்னிஸ் மைதான உறுதிமொழிச் சித்திரத்தைவிட நல்ல பாடம் இல்லை. 1789 ஜூன் 20 அன்று, பேரவைக் கூடம் பூட்டியிருந்ததால், உறுப்பினர்கள் வெர்சாயில் ஒரு பந்தாட்டக் கூடத்துக்குள் புகுந்து, அரசியலமைப்பு உருவாகும்வரை கலைய மாட்டோம் என்று உறுதியெடுத்தார்கள். அங்கே ஓவியர் எடுத்துக்கொள்ள ஒரு சின்னமும் கிடையாது. சிலை இல்லை, விதானம் இல்லை, கணப்பு ஓவியம் இல்லை. டாவித் என்ன செய்தார்? தாளின் மேல்பாதியை ஏறக்குறைய காலியாக விட்டார். உயரத்திலுள்ள ஜன்னல்களில் மக்களை ஏற்றினார். காற்றை விட்டுத் திரைகளைப் புடைக்க வைத்தார். வெளியே மின்னல் அரச தேவாலயத்தின் பக்கம் இறங்குகிறது. நீட்டிய கைகள் எல்லாம் மேசைமேல் ஏறி நிற்கும் தலைவர் பையியை நோக்கிப் போகின்றன. ஆம்ஸ்டர்டாமில் அறை மனிதரை எச்சரித்தது. இங்கே மனிதர்களும் காற்றும் சேர்ந்து அறையை எடுத்துக்கொள்கிறார்கள்.

வலது ஓரத்தில் கைகளை மார்பில் கட்டி உட்கார்ந்திருப்பவர் உறுதிமொழியை மறுத்த மார்ட்டின் தோஷ். முன்னால் கத்தோலிக்கர் இருவரும் புராட்டஸ்டன்ட் ஒருவருமாக மூன்று மதகுருமார் தழுவிக்கொள்ளும் காட்சியும் உண்டு. அவர்களில் துறவி ஜெர்ல் அன்று அங்கே இல்லவே இல்லை. மத ஒற்றுமையைக் காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது, டாவித் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

ஏழாம் படி: ஓவியர் மாற்றியது என்ன

அறை இன்றும் இருந்தால் அதன் புகைப்படத்தை ஓவியத்தின் பக்கத்தில் வையுங்கள். ஜன்னல்களின் எண்ணிக்கை, கணப்பின் இடம், தரைக் கற்களின் அமைப்பு, கூரை உயரம் ஆகிய நான்கை மட்டும் ஒப்பிடுங்கள். வேறுபாடு கண்டால் உடனே துள்ளிக் குதிக்காதீர்கள். பிற்காலத்தில் அறையே மாறியிருக்கலாம்: ஆம்ஸ்டர்டாம் மாளிகையை 1808இல் நெப்போலியனின் தம்பி லூயி போனபார்ட் அரண்மனையாக்கினார். லண்டனின் பழைய மக்களவைக் கூடம் 1834இல் எரிந்தே போனது. ஜார்ஜ் ஹேட்டர் சுமார் 375 உறுப்பினர்களோடு அதை வரைந்து முடித்தபோது, ஆண்டு 1843. கட்டட மாற்றங்களைக் கழித்த பிறகும் மிஞ்சும் வேறுபாடுதான் ஓவியரின் கருத்து.

குறிப்பேட்டில் எப்படி எழுதுவது

ஓர் அடையாளத்துக்கு ஒரு வரி; வரிக்கு நான்கு பகுதி: பொருள், இருக்கும் இடம், யாரிடம் பேசுகிறது, உறுதியா ஊகமா. ‘யானை ஓவியம், மேயர் அறைக் கணப்புக்கு மேல், மேயர்களிடம், உறுதி’ என்பது போல. மூன்றாம் பகுதியை நிரப்ப முடியாத அடையாளத்தைப் பென்சிலில் அடித்துவிட்டு மேலே போங்கள். ஓர் ஓவியத்தில் ஏழெட்டு வரி தேறினால் நல்ல அறுவடை. இருபது வந்தால் எங்கோ கற்பனை கலந்துவிட்டது.

முதலில் டி ஹோக், பிறகு டெர் போர்க், கடைசியில் டாவித் என்று பழகுங்கள். மூன்றும் முடிந்ததும் பிரிட்டனின் தெருவோவியர் பேங்ஸி 2009இல் வரைந்த மக்களவை ஓவியத்தை எடுத்துக்கொண்டு இரண்டாம், ஐந்தாம் படிகளை மட்டும் செய்து பாருங்கள். இருக்கை, மேசை, எதிரெதிர் வரிசை என எல்லாம் அப்படியே இருக்கும். உட்கார்ந்திருப்பவை சிம்பன்ஸிகள்.